பூனைக்கு இன்சுலின்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

பூனைக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லி, இன்சுலினும் சிரிஞ்சும் எழுதிக் கொடுத்துவிடுவார். ஊசி போடுவது எப்படி என்று ஒருமுறை காட்டியும் இருப்பார். வீட்டுக்கு வந்து மருந்தை பிரிட்ஜில் வைத்த பிறகுதான் கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். இரவு பத்து மணிக்கு மேல் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை எங்கே ஆனாலும் பூனை பார்க்கும் டாக்டர் கையில் கிடைப்பது கஷ்டம். அந்த நேரத்தில் எடுத்துப் பார்க்க வசதியாக, கண்ணில் படும் அறிகுறியை வைத்தே இதைப் பிரித்து எழுதியிருக்கிறேன். எத்தனை யூனிட் என்பது உங்கள் டாக்டரின் முடிவு. அதை இங்கே தேட வேண்டாம்.

முதலில் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு வேளை ஊசி தவறி, சர்க்கரை ஒருநாள் கூடுதலாக நின்றால் பூனை தண்ணீர் அதிகம் குடிக்கும், மூத்திரம் அதிகம் போகும், அவ்வளவுதான். ஊசி கூடிப்போய்ச் சர்க்கரை இறங்கினால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அதனால் சந்தேகம் வந்தால் போடாதீர்கள். ஆனால் போடாமல் விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. வாந்தியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அது வருகிறது.

தள்ளாடுகிறது, நடுங்குகிறது, வெறித்துப் பார்க்கிறது

சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டர் இருந்தால் பாருங்கள். 60-க்குக் கீழே என்றால் சந்தேகமே இல்லை. மீட்டர் இல்லை, காதில் குத்தியும் ரத்தம் வரவில்லை என்றால் அதற்காக ஐந்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். தாழ்ந்திருக்காத பூனைக்கு ஒரு ஸ்பூன் குளுக்கோஸ் கொடுத்தால் பெரிய கெடுதல் இல்லை. தாழ்ந்த பூனைக்குக் கொடுக்காமல் விட்டால் பிழைக்காது.

ஆரம்பத்தில் பூனை திடீரென்று அகோரப் பசியோடு சமையலறையைச் சுற்றும், அல்லது மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடை கோணும். குதிக்கப் பார்த்துத் தவறி விழும். கூப்பிட்டால் திரும்பாது. இந்த நிலையில் தானாகச் சாப்பிடும் என்றால் உடனே சாப்பாடு வையுங்கள். அதன் மேல் கொஞ்சம் தேனோ குளுக்கோஸ் கரைசலோ ஊற்றிக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

சாப்பிடவில்லை, படுத்துவிட்டது, வலிப்பு வருகிறது என்றால் முறையே வேறு. குளுக்கோஸ் பொடியில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, உதட்டை விலக்கி ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். வலிப்பு வரும்போது பல்லுக்கிடையில் விரல் வைக்காதீர்கள். பூனை அறியாமலேயே கடித்து எலும்பு வரை இறக்கிவிடும். கன்னத்தின் உள்பக்கம், ஈறின் வெளிப்பக்கம், அங்கே மட்டும் தடவினால் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தடவிக்கொண்டே வண்டியைப் பிடியுங்கள். பொடி இல்லாத வீட்டில் தேன் இருந்தால் அதுவே போதும். வீட்டுச் சர்க்கரை மூன்றாம் பட்சம்தான். அது குடலில் உடைந்த பிறகே ரத்தத்தில் சேரும். அதனால் இன்சுலின் வாங்கும் அன்றே ஒரு சின்ன பொட்டலம் குளுக்கோஸ் பொடியும் வாங்கி, பிள்ளைகள் காலி செய்யாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது என்று டாக்டரிடம் போவதை நிறுத்திவிட வேண்டாம். தடவிய குளுக்கோஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும். உள்ளே போன இன்சுலின் பல மணி நேரம் வேலை செய்துகொண்டேயிருக்கும். ஒருமுறை மீண்ட பூனை மறுபடியும் விழும். அடுத்த வேளை ஊசி, டாக்டர் சொல்லாமல் கிடையாது.

எந்த நேரத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இன்சுலின்கள் போட்ட நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் சர்க்கரையை அடிமட்டத்துக்குக் கொண்டுவரும். காலை ஏழு மணிக்குப் போட்டால் பதினொன்றிலிருந்து மூன்று. வீடே சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம் அது, பூனையும் படுத்திருக்கும். முதல் சில வாரங்கள் அந்த நேரத்தில் ஒருமுறை தொட்டு எழுப்பிப் பாருங்கள். சோம்பல் முறித்து, கண்ணைத் திறந்து, நம்மை முறைத்துவிட்டு மறுபடி சுருண்டால் நல்ல தூக்கம். துணி மாதிரி கிடந்தால் தூக்கமில்லை.

வயல் பக்கம் வீடு என்றால் இன்னொன்றும் உண்டு. எலித் தொல்லைக்கு வரப்பில் மருந்து வைக்கும் காலத்தில், விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்ற பூனையும் இப்படித்தான் நடுங்கும், வலிப்பு வரும். எதனால் என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. குளுக்கோஸைத் தடவிக்கொண்டே கிளம்புங்கள். அக்கம்பக்கத்தில் எலி மருந்து வைத்திருக்கிறார்கள் என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டோஸை மாற்றவே இல்லை, சர்க்கரை திடீரென்று சரிந்துவிட்டது

சிரிஞ்சைப் பாருங்கள். நம் நாட்டு மருந்துக்கடையில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சிவப்பு மூடி யு-40, ஆரஞ்சு மூடி யு-100. மனிதர்களுக்கான பழைய வகை இன்சுலின் பாட்டில்கள் பல, ஒரு மில்லிக்கு 40 யூனிட். பூனைகளுக்கு இப்போது பரவலாக எழுதப்படும் கிளார்ஜின் என்ற இன்சுலின், ஒரு மில்லிக்கு 100 யூனிட். யு-100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு எடுத்தால் உள்ளே போவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். நாலு கிலோ பூனைக்கு அது விளையாட்டல்ல. மாற்றிச் செய்தால், அதாவது 40 மருந்தை ஆரஞ்சு மூடியில் எடுத்தால், ஒரு யூனிட்டுக்குப் பதில் அரை யூனிட்டுக்கும் குறைவாகப் போகும். எவ்வளவு ஊசி போட்டாலும் சர்க்கரை இறங்கவில்லை என்று தவிப்பீர்கள்.

கடைக்காரர் தெரிந்தே தவறு செய்ய மாட்டார். "இன்சுலின் சிரிஞ்சு கொடுங்க" என்று கேட்டால் கையில் அகப்பட்டதைக் கொடுப்பார். "யு-100 சிரிஞ்சு, ஆரஞ்சு மூடி" என்று கேளுங்கள். வாங்கியதும் பாட்டில் லேபிளில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள். அவசரத்துக்குக் கணக்குப் போட்டு மாற்றுச் சிரிஞ்சில் எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் போடும் கணக்கு அது.

சிரிஞ்சின் அளவும் முக்கியம். ஒரு மில்லி யு-100 சிரிஞ்சில் ஒரு சின்னக் கோடு இரண்டு யூனிட். பூனைக்கு டாக்டர் பெரும்பாலும் அரையிலோ ஒன்றிலோதான் ஆரம்பிப்பார். அதை அந்தச் சிரிஞ்சில் கண்ணால் அளக்கவே முடியாது. 0.3 மில்லி சிரிஞ்சு, முடிந்தால் அரை யூனிட் கோடு போட்டது, அதைத் தேடி வாங்குங்கள். உள்ளூர்க் கடையில் இல்லையென்றால் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ பெரிய மருந்துக்கடையில் சொல்லி வைத்து வரவழைக்கலாம்.

இன்னொரு ஆபத்து நம் பிரிட்ஜுக்குள்ளேயே இருக்கிறது. தாத்தாவுக்கும் சர்க்கரை, பூனைக்கும் சர்க்கரை என்ற வீடுகள் இங்கே குறைவில்லை. தாத்தாவுடைய 30/70 கலவை இன்சுலின் பாட்டிலும் பூனையின் பாட்டிலும் ஒரே தட்டில் இருந்தால் என்றைக்காவது மாறும். பூனையுடையதைத் தனி டப்பாவில் போட்டு, மேலே பெரிதாகப் பூனை என்று எழுதி, அதன் சிரிஞ்சையும் அதே டப்பாவில் வையுங்கள். தாத்தாவின் மருந்து மிச்சம் இருக்கிறது, அதையே போடலாமே என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்காதீர்கள். அது பூனையின் உடம்பில் வேறு மாதிரி, குறைந்த நேரத்துக்கு வேகமாக வேலை செய்யும். சர்க்கரை மாத்திரைக்கும் இதே பதில்தான்.

தவறான அளவு போட்டுவிட்டது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். சாப்பாடு வைத்துவிட்டு அப்போதே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

சிரிஞ்சு சரி, மருந்து சரி என்றால் சாப்பாட்டை யோசியுங்கள். நம் பக்கத்துப் பூனைகள் பால்சாதத்திலும் தயிர்சாதத்திலும் வளர்ந்தவை. சர்க்கரை என்றதும் சோற்றை நிறுத்தி மீனும் கோழியும் மட்டும் போட ஆரம்பிப்பார்கள். எண்ணம் நல்லதுதான், பூனையின் உடம்பு புலாலுக்கே ஆனது. ஆனால் மாவுச்சத்து ஒரேயடியாகக் குறைந்தால் தேவைப்படும் இன்சுலினும் குறைந்துவிடும். பழைய டோஸ் அப்போது அதிக டோஸ் ஆகிவிடும். சாப்பாட்டை மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லி, படிப்படியாக, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள். கெண்டையோ ஜிலேபி மீனோ எதுவானாலும் உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்கள். குழம்பில் போட்ட மீன் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். வெறும் மீனையே மாதக்கணக்கில் போட்டாலும் சத்துக் குறைபாடு வரும். கட்டுப்படியானால் டின்னிலோ பாக்கெட்டிலோ வரும் ஈரமான பூனை உணவு நல்லது. உலர்ந்த உருண்டை உணவில் பெரும்பாலும் மாவுச்சத்து அதிகம்.

சாப்பிட மறுக்கிறது, ஊசி நேரம் வந்துவிட்டது

சாப்பாட்டை முதலில் வைத்து, சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு ஊசியை எடுப்பது நல்ல பழக்கம். ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். பாதி சாப்பிட்டால் சிலர் பாதி டோஸ் சொல்வார்கள், சிலர் வேறு மாதிரி சொல்வார்கள். உங்கள் டாக்டரின் பதிலை முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை சாப்பிடாதது சாதாரணமாக இருக்கலாம், கொல்லையில் எலி பிடித்துத் தின்றிருக்கலாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் அது தனி வியாதி, டாக்டரிடம் போக வேண்டும். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிருக்கு உலை வைக்கும்.

ஊர் சுற்றும் பூனையை ஆரம்ப வாரங்களிலாவது வீட்டுக்குள் வைத்திருங்கள். முற்றம் வைத்த ஓட்டு வீடுகளில் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஓர் அறையாவது கதவு சாத்துகிற மாதிரி பாருங்கள். தீபாவளி வெடிச் சத்தத்தில் பரணில் ஒளிந்துகொண்டு ராத்திரி பன்னிரண்டுக்கு வெளியே வந்தால், தவறிய ஊசியை அப்போது போட்டு, காலையில் வழக்கமான நேரத்தில் இன்னொன்று போட்டுவிடக் கூடாது. இரண்டு ஊசிக்கு நடுவில் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். போனது போகட்டும், அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். தவறியதற்கு ஈடாகக் கூட்டிப் போடுவது ஒருபோதும் கூடாது.

ஊசி உள்ளே போனதா, ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்களா என்று தெரியவில்லை

பூனை கடைசி நொடியில் நெளிந்திருக்கும். ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்து முடியில் பீய்ச்சியிருக்கும். அந்த இடத்தை விரலால் தடவி மோந்து பாருங்கள். இன்சுலினுக்கு ஒரு மருந்து வாடை உண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் அடிக்குமே அது மாதிரி. ஈரமும் வாடையும் இருந்தால் முழுதோ பாதியோ வெளியே போயிருக்கிறது. எவ்வளவு உள்ளே போனது என்று கண்டுபிடிக்க வழியில்லை, அதனால் மறுபடி போடாதீர்கள். அடுத்த வேளை வரை விட்டுவிடுங்கள்.

பிடரியில் போடுவதை விட விலா ஓரத்திலோ இடுப்பின் பக்கவாட்டிலோ போடுவது மேல். பிடரித் தோல் தடித்தது, மருந்து சீராக ஏறாது. தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, அதன் அடிவாரத்தில் ஊசியை நுழைக்க வேண்டும். முடி அடர்த்தியான பூனைக்கு அந்த இடத்தில் கொஞ்சம் கத்தரித்துவிட்டால் தோல் கண்ணுக்குத் தெரியும். சாப்பிடும்போதே போட்டால் பல பூனைகள் கவனிப்பதுகூட இல்லை.

இரட்டை ஊசிதான் கூட்டுக் குடும்பத்தின் பெரிய ஆபத்து. மாமியார் ஆறரைக்குப் போட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பியிருப்பார். மருமகள் ஏழு மணிக்கு வந்து, "அத்தை மறந்துட்டாங்க போல" என்று இன்னொன்று போட்டுவிடுவார். இதற்குத் தினசரிக் காலண்டர் போதும். ஊசி போட்டவர் அந்தத் தாளிலேயே நேரத்தையும் யூனிட்டையும் எழுத வேண்டும். எழுதவில்லை என்றால் போட்டவர் யாரென்று விசாரித்த பிறகே சிரிஞ்சைத் தொட வேண்டும். கேட்டும் தெரியவில்லை என்றால் அந்த வேளை ஊசி கிடையாது. கிழித்த தாள்களைக் கிளிப் போட்டு வைத்துக்கொண்டால் டாக்டரிடம் காட்டவும் உதவும்.

வாந்தி, பட்டினி, சோர்வு, வாயில் ஒரு மாதிரி வாடை

சந்தேகம் வந்தால் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருக்கக் கூடாத ஒரே இடம் இது. இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்து, கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேர்ந்திருக்கலாம். சாப்பாடு இறங்காது, வாந்தி எடுக்கும், உடம்பில் நீர் வற்றும், மூச்சு வாங்கும். வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி அல்லது அழுகிய பழம் மாதிரி வாடை வரலாம். எல்லாருடைய மூக்குக்கும் அந்த வாடை தெரியாது, அதனால் வாடை இல்லை என்று தைரியமாக இருந்துவிடாதீர்கள். தோலைப் பிடித்துவிட்டால் மெதுவாகத் திரும்பும், ஈறு ஒட்டும்.

மருந்துக்கடையில் மூத்திரத்தில் குளுக்கோஸும் கீட்டோனும் பார்க்கும் ஸ்ட்ரிப் கிடைக்கும். பூனை மூத்திரம் போகும்போது நீளக் காம்புக் கரண்டியைப் பின்னால் நீட்டினால் சில சொட்டுப் பிடித்துவிடலாம். கீட்டோன் கட்டம் நிறம் மாறினால், பூனை பார்க்கத் தெம்பாக இருந்தாலும் அன்றே டாக்டர். வாந்தியும் சேர்ந்திருந்தால் அந்த நேரமே. டிரிப், பொட்டாசியம், அளந்து போடும் இன்சுலின் எல்லாம் தேவைப்படும் நிலை இது, வீட்டில் முடியாது. உள்ளூரில் வசதி இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மருத்துவமனை உண்டு. எந்த நேரம் வரை பார்ப்பார்கள், இரவில் யார் இருப்பார்கள் என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது. ஆனால் பூனையைப் பையில் போட்டு ஆட்டோவில் கிளம்பிவிட முடியும் என்னும்போது காத்திருக்க வேண்டாம்.

ஊசி போட்டும் தாகம் குறையவில்லை, எறும்பு மொய்க்கிறது

மணல் தட்டில், வாசல் ஓரத்தில், பூனை மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று பார்த்துத்தான் நம் வீடுகளில் பலர் நோயையே கண்டுபிடிக்கிறார்கள். ஊசி ஆரம்பித்த பிறகும் எறும்பு வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று பதறுவார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் அது அப்படித்தான். கிளார்ஜின் மாதிரி நிதானமாக வேலை செய்யும் இன்சுலினில், டோஸ் மாற்றியதன் முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்த தண்ணீர் அன்றைக்கே கடைமடைக்கு வந்துவிடுமா? அதே மாதிரிதான். ஒரு வாரமாவது ஒரே டோஸில் நிற்க விடாமல், இன்றைக்கு அரை, நாளைக்கு அரை என்று கூட்டிக்கொண்டே போனால் எல்லாம் சேர்ந்து ஒருநாள் கவிழ்த்துவிடும்.

வாரங்கள் போயும் குறையவில்லை என்றால் டோஸைக் குறை சொல்வதற்கு முன் மற்றதைப் பாருங்கள். சிரிஞ்சு சரியா, மருந்து கெடவில்லையா, ஊசி தோலுக்கடியில்தான் போகிறதா, யாராவது பின்பக்கமாகப் பால்சாதம் போடுகிறார்களா. அப்புறம் பூனையின் உடம்பு. பல்லில் சீழ், மூத்திரக் கிருமி, கணைய வீக்கம், இவற்றில் எது இருந்தாலும் இன்சுலின் எடுபடாது. தோல் அரிப்புக்கு முன்பு எப்போதாவது ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதுவே சர்க்கரையைக் கிளப்பிவிட்டிருக்கலாம்.

பாகற்காய்ச் சாறு, நாவல் கொட்டைப் பொடி, வெந்தயம் எல்லாம் அன்பில் சொல்லப்படும் யோசனைகள். பூனைக்கு அவற்றில் பயனில்லை. வாயில் திணித்தால் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். சாப்பிடாத பூனைக்கு ஊசியும் போட முடியாது.

மீட்டர் ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டுகிறது

காதின் ஓரத்தில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் குத்த வேண்டும். வெதுவெதுப்பான துணியால் காதை அரை நிமிடம் பிடித்தால் ரத்தம் எளிதில் வரும். பின்னால் பஞ்சு வைத்துக்கொண்டால் உங்கள் விரலில் குத்தாது. டாக்டர் அறையில் 350 காட்டிய பூனை வீட்டில் 220 காட்டினால் மீட்டரைச் சந்தேகிக்காதீர்கள். பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறும், வீட்டு எண்தான் நம்பத்தக்கது. மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பொதுவாகக் குறைத்துக் காட்டும். அதனால் மீட்டரை மாற்றிக்கொண்டேயிருக்காமல் ஒன்றையே வைத்துக்கொண்டு, அது எந்த மீட்டர் என்று டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். குறைத்துக் காட்டும் என்பதற்காகத் தாழ்ந்த எண்ணை அலட்சியம் செய்ய வேண்டாம்.

பின்னங்கால் தாழ்ந்து நடக்கிறது

குதிகால் தரையில் பட, முயல் மாதிரி நடந்தால் அது நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு தளர்ந்தது. வாரக்கணக்கில் மெல்ல வந்திருக்கும். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்கு மெல்லத் தேறும். திடீரென்று ஒரு மணி நேரத்தில் பின்னங்கால் இழுத்தால் அது வேறு. கால் சில்லென்று, வலியில் கத்தினால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். வயலோர வீட்டில் பாம்புக் கடியாகவும் இருக்கலாம். சர்க்கரை தாழ்ந்ததா என்று பார்த்துக்கொண்டே கிளம்புங்கள்.

கரண்ட் இல்லை, மருந்து பாழாகியிருக்குமோ

இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். உறைபெட்டிக்கு அடியில் ஒட்டி வைத்தால் உறைந்துவிடும், உறைந்த இன்சுலினை உருக்கிப் பயன்படுத்தவே கூடாது. இரண்டு மூன்று மணி நேர மின்தடைக்குக் கவலை வேண்டாம், கதவைத் திறக்காமல் இருந்தால் போதும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறிய பிறகு, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாளை நினைத்து ஏற்பாடு வேண்டும். சூடேறாத இடத்தில், 30 டிகிரிக்குள், கிளார்ஜின் 28 நாள் வரை தாங்கும் என்பது அதன் லேபிள் கணக்கு. ஐப்பசி கார்த்திகையில் அந்த வெப்பநிலை நம் பக்கம் கிடைத்துவிடும். சித்திரை வைகாசியில் கிடைக்காது. பெரிய மண்பானையில் மணல் போட்டு, நடுவில் சின்னப் பானையை இறக்கி, மணலை நனைத்துக்கொண்டே இருந்தால் உள்ளே வெளியை விடக் குளுமையாக இருக்கும். பாட்டிலைத் தண்ணீர் படாமல் கவரில் கட்டி அதில் வையுங்கள். பஸ்ஸில் மருந்து வாங்கி வரும்போது ஐஸ் கட்டி நேரடியாகப் பாட்டிலில் படக் கூடாது, நடுவில் துணி வேண்டும்.

கிளார்ஜின் தெளிந்த நீர் மாதிரி இருக்க வேண்டும். கலங்கியிருந்தாலோ நூல் மாதிரி மிதந்தாலோ தூக்கிப் போடுங்கள். பால் நிறத்தில் இருக்க வேண்டிய வகைகளும் உண்டு. அவற்றை உருட்ட வேண்டுமா, குலுக்க வேண்டுமா என்பது மருந்துக்கு மருந்து மாறும், மருந்தோடு வரும் தாளில் பாருங்கள். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதிவிடுங்கள். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து டாக்டரிடம் கொடுங்கள். வாய்க்காலில் எறிந்தால் நாற்று நடுகிறவர் காலில்தான் ஏறும்.

ஊசி போடும் முன்பே எண் குறைவாக இருக்கிறது

ஆரம்ப வாரங்களில், ஊசிக்கு முன் பார்க்கும் எண் 200-க்குக் கீழே இருந்தால் ஊசியைக் கீழே வையுங்கள். சாப்பாடு வைக்காமல் அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. உங்கள் பூனைக்கு எந்த எண்ணில் நிறுத்துவது என்று போகப்போக அவரே சொல்வார்.

அடிக்கடி இப்படி வருகிறது, மூத்திர ஸ்ட்ரிப்பில் நாள்கணக்கில் குளுக்கோஸே இல்லை, தாகம் போய்விட்டது என்றால் சந்தோஷப்பட வேண்டிய செய்தியாக இருக்கலாம். மனிதர்களைப் போலன்றிப் பல பூனைகளுக்கு, சீக்கிரமே கட்டுப்பாடும் மாவுச்சத்துக் குறைந்த சாப்பாடும் அமைந்தால், கணையம் தேறி இன்சுலினே தேவையில்லாமல் போகிறது. ஆனால் ஊசி தேவைப்படாத பூனைக்கு ஊசி தொடர்ந்தால் இதில் முதலில் சொன்ன தள்ளாட்டம்தான் வரும். அதனால்தான் நன்றாக இருக்கும் பூனைக்கும் காதில் குத்திப் பார்க்கச் சொல்கிறேன். டோஸைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொன்ன வேகத்தில் நடக்க வேண்டும்.

ஊசி நின்ற பிறகும் மாதம் சில முறை சர்க்கரையைப் பாருங்கள், எடையையும் பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை எடை மெஷினில் ஏறிக் கழித்தால் போதும். பழைய சோற்றுக்குத் திரும்ப வேண்டாம். அரிப்புக்கோ இருமலுக்கோ வேறு டாக்டரிடம் போனால், இதற்குச் சர்க்கரை இருந்தது, ஸ்டீராய்டு வேண்டாம் என்று ஊசி எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.